போகாமல் நின்றவர்கள்

போர் ஓய்ந்த இலங்கையின் வடக்கு கிழக்கில் வீதிகளும் வீடுகளும் எழுந்ததைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. மனிதர்களை எழுப்பி நிறுத்திய உள்ளூர் அமைப்புகளைப் பற்றிப் பேசியது குறைவு. அவற்றின் உழைப்பையும், அவற்றுக்கு நேர்ந்ததையும், இனி அவற்றுக்கு வேண்டியதையும் பேசுகிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.

2008 செப்டெம்பரில் கிளிநொச்சியிலிருந்த ஐ.நா. அலுவலகத்தின் முன்னால் சனம் திரண்டு நின்று, போக வேண்டாம் என்று மன்றாடியது. வன்னியை விட்டு வெளியேறும்படி ஐ.நா. அமைப்புகளுக்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கும் இலங்கை அரசு உத்தரவிட்டிருந்தது. சில நாள்களில் அவற்றின் வெள்ளை வாகனங்கள் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போய்விட்டன. அந்தக் காலத்தில் தான் கடமை தவறியதை ஐ.நா.வின் உள்ளக மீளாய்வே 2012இல் ஒப்புக்கொண்டது.

செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவும் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாசும் நின்றன. வெளியேறிய நிறுவனங்களில் வேலை செய்த உள்ளூர்ப் பணியாளர்களும் குடும்பங்களோடு வன்னிக்குள்ளேயே இருந்தார்கள். மக்கள் வெளியேறப் புலிகள் விடவில்லை. படையினரின் எறிகணைகள் மருத்துவமனைகளையும் தப்பவிடவில்லை. இரண்டுக்கும் நடுவில் நோயாளரைத் தூக்கியவர்களும், கஞ்சி காய்ச்சி ஊற்றியவர்களும், பெயர்களை எழுதி வைத்தவர்களும் வைத்தியர்கள், கிராம சேவையாளர்கள், பாதிரிமார், ஆசிரியர்கள், சங்கச் செயலாளர்கள். போர் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை சனத்தோடு நடந்தவர்கள் இவர்கள்தான். அங்கிருந்து மீண்டு வந்து, ஊரைத் திரும்பக் கட்டும் வேலையை முதலில் கையில் எடுத்தவர்களும் இவர்கள்தான்.

போருக்குப் பின்னான மீட்சியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உதவி எங்கிருந்தும் வரலாம். உதவியை வாழ்க்கையாக மாற்றுகிறவர்கள், அது வருவதற்கு முன்னும் அங்கே இருந்தவர்கள், அது போன பின்னும் அங்கேயே இருக்கப்போகிறவர்கள்.

சீமெந்துக்கு அனுமதி, கண்ணீருக்கு இல்லை

2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ 2,80,000 பேர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் கம்பி வேலிக்குள் இருந்தார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். இந்த மூன்று ஆண்டுகளிலும் வடக்கில் எந்த அமைப்பு எதைச் செய்யலாம் என்பதை 2009 மே மாதம் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணி முடிவு செய்தது. பாலம், வீதி, கிணறு, கட்டடம் என்றால் அனுமதி கிடைத்தது. உளவளத்துணை, பெண்களுக்கான விழிப்புணர்வு, உரிமைக் கல்வி என்று விண்ணப்பித்தால் கோப்பு நகரவில்லை. அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அந்த நிறுவனங்கள் செய்தியாளர் மாநாடு நடத்தக் கூடாது, பயிற்சிப் பட்டறை வைக்கக் கூடாது என்று 2014 ஜூலையில் அதே அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது.

ஆனால் அந்த மக்களுக்கு அப்போது வேண்டியிருந்ததில் முதன்மையானது துக்கம் அனுட்டிக்க ஓர் இடம். பிணத்தைக் காணாமல், செத்தவீடு நடத்தாமல், எட்டும் அந்திரட்டியும் செய்யாமல் வந்த சனம் அது. யாழ்ப்பாணத்தின் உளமருத்துவர் தயா சோமசுந்தரம், இதைத் தனித்தனி மனிதர்களின் நோயாக மட்டும் பார்க்கக் கூடாது, ஒரு சமூகமே கூட்டாகக் காயப்பட்டிருக்கிறது என்று 2007இலேயே எழுதினார். குடும்பம், அயல், கோயில், நம்பிக்கை ஆகிய இழைகள் அறுந்தால் மருந்து மட்டும் போதாது, அந்த இழைகளையே திரும்ப முடிய வேண்டும் என்பது அவருடைய வாதம். 1980களிலிருந்து யாழ்ப்பாணத்தில் இயங்கிவரும் சாந்திகம் போன்ற அமைப்புகள் அந்த வழியில் உள்ளூர் ஆள்களையே உளவளத்துணையாளர்களாகப் பயிற்றின. அவர்கள் ஊருக்குள் நடந்து போனார்கள். குந்தில் இருந்து கதைத்தார்கள். யார் எந்த நாளில் யாரை இழந்தார் என்பது அவர்களுக்குத் தெரியும். வாய் திறக்கவே பயந்திருந்த காலத்தில் அந்த அறிமுகம்தான் கதவைத் திறந்தது.

அனுமதி கிடைக்காத இடங்களில் வாழ்வாதாரக் கூட்டமே அழுவதற்கான இடமாயிற்று. கோழி வளர்ப்புப் பற்றிப் பேசக் கூடிய பெண்கள், பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். கூட்டக் குறிப்பேட்டில் எழுத முடியாத அந்தப் பேச்சுத்தான் பலரை உயிரோடு வைத்திருந்தது.

முகமாலை மண்

போர் முடிந்தபோது மிதிவெடி இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட நிலம் 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆனையிறவுக்கு வடக்கே, ஏ9 வீதியில், முகமாலை இரு தரப்புக்கும் நடுவிலிருந்த முன்னரங்கு. மண் அணைகள், பதுங்கு குழிகள், அவற்றைச் சுற்றி வரிசை வரிசையாய் மிதிவெடிகள். உலகிலேயே மிக நெருக்கமாக வெடி புதைக்கப்பட்ட இடங்களில் அது ஒன்று.

அங்கே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அதே மாவட்டங்களின் இளைஞர்களும் பெண்களும். ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற வெளிநாட்டு அமைப்புகள் 2002இலிருந்து இருக்கின்றன. அவற்றோடு, இலங்கையிலேயே பிறந்த இரண்டு அமைப்புகளும் களத்தில் நிற்கின்றன: 2010இல் தொடங்கிய டாஷ், 2016இல் தொடங்கிய ஷார்ப். டாஷை நிறுவியவர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. அதன் களத்தில் முழங்காலில் இருந்து மண்ணை வாருபவர்களில் போரில் கணவரை இழந்த தமிழ்ப் பெண்களும் உண்டு. முந்திய ஆண்டுகளில் இப்படி ஒரு கூட்டு நினைக்கவே முடியாதது. சம்பளத்துக்காகத் தொடங்கிய வேலைதான். ஆனால் ஒரே மண்ணில் ஒருவரது உயிர் மற்றவரது கவனத்தில் தங்கியிருக்கும்போது, எந்த நல்லிணக்கக் கருத்தரங்கிலும் வராத நம்பிக்கை வருகிறது.

இரும்புத் துண்டுகள் நிறைந்த அந்த மண்ணில் உலோகம் கண்டறியும் கருவி ஓயாமல் கத்தும். அதனால் பல இடங்களில் வாரியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டித்தான் தேட வேண்டும். ஒரு நாள் முழுக்க வெயிலில் தலைக்கவசத்தோடு இருந்தாலும் ஒருவர் சுத்தப்படுத்துவது சில சதுர மீட்டர்தான். அப்படி அங்குலம் அங்குலமாக மீட்ட நிலத்தில்தான் இன்று தென்னம்பிள்ளை நிற்கிறது, வீடு நிற்கிறது. இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028க்குள் நாடு மிதிவெடியற்றதாக வேண்டும். இந்தக் கெடு இருக்கும்போதுதான் 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. உலகெங்கும் மிதிவெடி அகற்றும் நிதியும் அதில் அகப்பட்டது. வேறொரு தலைநகரில் இடப்படும் ஒரு கையெழுத்து, தன் பிள்ளையின் பள்ளிச் செலவை இந்த வேலையில் உழைக்கும் தாய் வரை வந்து தைக்கிறது. உள்ளூர் அமைப்புகள் கடன்வாங்கிய காலில் நிற்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

காலை இழந்தவர்களுக்குக் கால் செய்து கொடுத்த வேலையும் உள்ளூரில்தான் நடந்தது. யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் மறுவாழ்வு நிலையம் 1980களின் பிற்பகுதியிலிருந்து, போர் நடந்த எல்லா ஆண்டுகளிலும், செயற்கைக் கால் செய்து பொருத்தியது. இராஜஸ்தானில் 1968இல் உருவான அந்த ரப்பர்ப் பாதம் செருப்பில்லாமல் நடக்கவும், குந்தியிருக்கவும், வயலில் இறங்கவும் ஏற்றது. விலையுயர்ந்த மேலைநாட்டுக் கால்கள் சப்பாத்துப் போட்டு நடப்பவர்களை நினைத்துச் செய்தவை. வன்னிக் கமக்காரருக்கு வேண்டியது சேற்றில் நிற்கும் கால்.

வீடு யாருக்கு, யார் கையால்?

இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 46,000 வீடுகள் வடக்கு கிழக்குக்கு வந்தன. 2012 ஒக்டோபர் 2 முதல் அவற்றில் பெரும்பாலானவை வீட்டுக்காரரே கட்டும் முறையில் எழுந்தன. வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக அவரவர் வங்கிக் கணக்குக்குப் போனது. இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம் முதலிய அமைப்புகள் அளவும் தரமும் பார்த்தன. கிராமத்துச் சங்கங்கள் கூடிக் கல்லும் மண்ணும் வாங்கின. மேசனுக்கு ஊரில் வேலை வந்தது. விலை ஏறியபோது பலர் மிச்சத்துக்குக் கடன்பட்டார்கள் என்பதும் உண்மை. ஆனாலும், சாமி அறை எந்தப் பக்கம், அடுப்படி எந்தப் பக்கம் என்று முடிவு செய்தது அந்த வீட்டுப் பெண்தான்.

சில ஆண்டுகளில் இதற்கு நேர் எதிரான யோசனை ஒன்று கொழும்பிலிருந்து வந்தது. பன்னாட்டு உருக்கு நிறுவனம் ஒன்று 65,000 இரும்பு வீடுகளைப் பொருத்தித் தருமாம். ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடும் காட்டினார்கள். ஊர்ப் பொறியியலாளர்களும் சிவில் அமைப்புகளும் கணக்கோடு எதிர்த்து எழுந்தன. இந்த வெயிலில் இரும்புக்குள் எப்படி இருப்பது? உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்கும்? விறகடுப்பு எங்கே? அந்தப் பணத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு கல்வீடு கட்டலாமே, மேசனும் தச்சனும் பிழைப்பார்களே? கேள்விகள் ஓயவில்லை, திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது.

இந்த இரண்டு கதைகளையும் ஒன்றாகப் படிக்க வேண்டும். வடக்குக்கு வீடு தேவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் தேவையைச் சொல்லும் உரிமையும் தீர்வைச் சொல்லும் உரிமையும் வேறு வேறு கைகளில் இருக்கும்போதுதான் மீட்சி தடம் மாறுகிறது. சிவில் அமைப்பு ஒன்று பங்கிடுவதோடு நின்றுவிடாமல், கணக்குப் போட்டு 'வேண்டாம்' என்று சொல்லவும் வல்லதாக இருக்க வேண்டும் என்பதற்கு அந்த எதிர்ப்பு சாட்சி.

கட்டுக்காசும் கூட்டுறவும்

வடமாகாணத்தில் மட்டும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் 50,000க்கும் மேல். கணவர் இறந்தவர், காணாமல் ஆக்கப்பட்டவர், சிறையில் இருப்பவர், வலுவிழந்து வீட்டில் இருப்பவர் என்று இந்த ஒரே சொல்லுக்குள் எத்தனையோ வாழ்க்கைகள். ஏ9 திறந்ததும் இவர்களைத் தேடி முதலில் வந்தவை நுண்கடன் நிறுவனங்கள். பிணைக்குக் காணி உறுதி கேட்கவில்லை. ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. பணம் வாங்க வந்தவர் கட்டும் வரை வாசலை விட்டுப் போகமாட்டார். பிணை நின்ற அயல்வீட்டுப் பெண்ணே பகையானார். தற்கொலைச் செய்திகள் வரத் தொடங்கின. வருட வட்டி சில இடங்களில் 220 வீதம் வரை போயிருந்ததை 2018இல் இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் பதிவு செய்தார். அதே ஆண்டு அரசு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது; வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. அந்த நிலைக்கு அரசைத் தள்ளியது மாவட்டம் மாவட்டமாகத் தெருவில் இறங்கிய பெண்களும், அவர்கள் சொன்னதைப் பதிவு செய்து கொழும்பு வரை கொண்டுபோன உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகளும்.

வேதனை என்னவென்றால், கடனுக்கு நல்ல வழி வடக்கில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. மூளாயில் 1930களிலேயே கூட்டுறவு வைத்தியசாலை கண்ட மண் இது. யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபம் தாங்கி நிற்பது ஒரு கூட்டுறவாளரின் பெயரை. கள்ளிறக்கும் தொழிலாளருக்குப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம், கடலுக்குப் போகிறவருக்குக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், சிறு சேமிப்புக்குச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் என்று ஊருக்கு ஊர் இருந்தன. போர் அவற்றின் கட்டடங்களை உடைத்தது, முதலைக் கரைத்தது. உறுப்பினர் இடாப்பும் பொதுக்கூட்டமும் தேர்தலும் எஞ்சியிருந்தன. கொடையாளிகளோ அந்த எலும்புக்கூட்டுக்குத் தசை கொடுப்பதை விட்டு, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒவ்வொரு புதுச் சுயஉதவிக் குழுவைத் தொடங்கினார்கள். திட்டம் முடிந்ததும் குழுவும் முடிந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன்பட்டவர் சங்கத்தின் சொந்தக்காரரும்கூட. வட்டி ஊருக்குள்ளேயே சுற்றும். தலைவர் பிழை விட்டால் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். நுண்கடன் வலையில் விழுந்த பெண்களுக்கு இல்லாமல் போனது இந்த மூன்றும்தான்.

இரண்டு சமூகங்களுக்கு நடுவே

மீட்சி என்றால் தமிழரின் மீட்சி மட்டும் என்று நினைத்தால் அது பாதி உண்மை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களில் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினார்கள்; யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். அந்தக் காயத்தை அரசு ஆற்றவில்லை. கட்சிகள் அதில் வாக்குத் தேடின. ஆற்ற முயன்றவை சிறிய அமைப்புகள்.

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே மரத்தடியில் இருத்தி, களிமண் பிசையவும் படம் வரையவும் கதை கட்டவும் விட்டது. இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். 1990களின் தொடக்கத்தில், இடம்பெயர்ந்த பெண்களுக்கு நடுவே பிறந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் அதே ஊரில் நாடகத்தையும் பாட்டையும் ஆயுதமாக எடுத்தது. மன்னாரில் பெண்கள் அபிவிருத்திச் சம்மேளனம் தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒரே சங்கத்தில் சேர்த்தது. ஆண்கள் பேசிக்கொள்ளாத காலத்தில் அந்தப் பெண்கள் ஒரே பாயில் இருந்து கணக்குப் பார்த்தார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து காணி கேட்டபோது எழுந்த கசப்புகளை ஊர் மட்டத்தில் பேசித் தீர்க்க முடிந்த இடங்களில், இத்தகைய பழைய உறவுகளே கைகொடுத்தன.

எந்தத் திட்டத்திலும் இல்லாதது

அமைப்புகளால் முடியாததும் உண்டு. 1990க்குப் பின் காணாமற் போனதாகச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பதிவேட்டில் இருப்பவர்கள் மட்டும் 16,000க்கும் மேல். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் அவர்களின் தாய்மார் பந்தல் போட்டுப் போராட அமர்ந்தது, எந்த நிறுவனமும் எழுதிக் கொடுத்த திட்டத்தால் அல்ல. நிவாரணமும் நட்டஈடும் தந்து அவர்களை எழுப்ப முடியவில்லை. பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் அரசிடம் இருக்கிறது. அதைத் தருவது அரசின் கடமை. பல தாய்மாரும் தந்தையரும் பதில் தெரியாமலே இறந்துபோனார்கள். இங்கே உள்ளூர் அமைப்புக்கு உரிய இடம் பந்தலுக்குள் பக்கத்தில் இருப்பது, ஆவணங்களைக் காப்பது, நோய்ப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. முன்னால் போய் நின்று அவர்களுக்காகப் பேசுவது அல்ல.

இரணைதீவு மக்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். 1992இல் இடம்பெயர்ந்த அந்தக் கத்தோலிக்க மீனவர்கள் தீவுக்குத் திரும்ப ஓராண்டு இரணைமாதா நகரில் போராடிப் பார்த்தார்கள். பதிலில்லை. 2018 ஏப்ரல் 23இல் வள்ளங்களில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு, கடற்படை இருந்த தங்கள் தீவுக்குத் தாங்களே போய் இறங்கினார்கள். பாதிரிமாரும் பெண்கள் அமைப்புகளும் கூடப் போனார்கள். முடிவெடுத்தது ஊர்.

இனி வேண்டியது

உள்ளூர் அமைப்பு என்றாலே தூய்மை என்று சொல்ல வரவில்லை. போர்க்காலத்தில் வன்னியின் பொது வாழ்க்கை முழுவதும் புலிகளின் பிடிக்குள் இருந்தது. சுதந்திரமாகப் பேசிய அமைப்புகள் இரு பக்கத்தாலும் நசுக்கப்பட்டன. போருக்குப் பின் சில அமைப்புகள் கொடையாளியின் படிவத்துக்கு ஏற்ப உருமாறின. ஆறு மாதத் திட்டம், அடுத்த ஆறு மாதம் வேறு திட்டம், ஊரோடு உறவு அற்ற அலுவலகம். ஒரே நபர் இருபது ஆண்டுகள் பணிப்பாளராக இருப்பதும் உண்டு. இவற்றை மூடி மறைப்பது அந்த அமைப்புகளுக்கே கேடு.

ஆனால் பழியில் பெரும் பங்கு பணம் கொடுப்பவர்களுடையது. 2016இல் இஸ்தான்புல்லில் பெரிய கொடையாளிகள் ஒன்று கூடி, 2020க்குள் மனிதாபிமான நிதியில் நான்கில் ஒரு பங்கையாவது உள்ளூர் அமைப்புகளிடம் சேர்ப்பதாக உறுதி சொன்னார்கள். கெடு வந்தபோது அந்த அமைப்புகளிடம் நேரடியாகப் போனது நூற்றுக்குச் சில வீதமே. அந்தச் சிறு பங்கும் திட்டச் செலவுக்கு மட்டும் என்று கட்டுப்பட்டே வருகிறது. கணக்காளருக்குச் சம்பளம், அலுவலக வாடகை, பணியாளருக்குச் சேமலாப நிதி எதற்கும் இடமில்லை. இப்படிக் கொடுத்துவிட்டு 'உள்ளூர் அமைப்புகளுக்குத் திறன் போதாது' என்று அறிக்கை எழுதுவது நியாயமில்லை. ஐந்து ஆண்டுக்குக் குறையாத நிதி, நிர்வாகச் செலவும் அடங்கிய நிதி, தோல்வியையும் சொல்ல இடம் தரும் நிதி: இவை மூன்றும் முதல் தேவை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர் ஒன்றியங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அனுப்பிய பணம் இல்லையென்றால் பல பள்ளிகளுக்குக் கூரை இருந்திராது. ஆனால் ஒரு துவிச்சக்கர வண்டியைக் கொடுத்து, வாங்கும் பிள்ளையைப் படம் பிடித்து முகநூலில் போடும் வழக்கம் அந்தப் பிள்ளையை வாழ்நாள் முழுக்க 'உதவி வாங்கியவர்' ஆக்கிவிடுகிறது. அதே பணத்தை ஊர்ச் சங்கத்தின் முதலாகப் போடுங்கள். பொதுக்கூட்டத்தில் கணக்குக் கேளுங்கள். படத்துக்குப் பதில் கணக்கறிக்கை கேட்பதுதான் ஊருக்குச் செய்யும் மரியாதை.

தமிழ்நாட்டின் ஈழ ஏதிலியர் முகாம்களில் இருப்பவர்களிடமும் நல்ல பாடம் ஒன்று உண்டு. எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஏதிலிகளையே ஆசிரியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் வளர்த்தது. பிறப்புப் பதிவும் குடியுரிமைப் பத்திரமும் எடுத்துக் கொடுத்தது. திரும்பிப் போகும் நாளில் கையில் காகிதமும் தொழிலும் இருக்க வேண்டும் என்று, போர் நடக்கும்போதே மீட்சிக்கு ஆயத்தம் செய்தது அது.

அரசு செய்ய வேண்டியது எல்லாவற்றிலும் எளிது: சங்கக் கூட்டத்துக்குப் புலனாய்வாளரை அனுப்புவதை நிறுத்துவது. யார் வந்தார், என்ன பேசினார் என்று விசாரிக்கப்படும் ஊரில் எவரும் துணிந்து செயலாளராக முன்வரமாட்டார். செயலாளர் இல்லாத சங்கம் சாகும். சங்கங்கள் செத்த ஊரில் அடுத்த வெள்ளத்துக்கும் அடுத்த பஞ்சத்துக்கும் அரசுக்கே ஆள் கிடைக்காது.

போருக்குப் பின் ஒரு நாடு எழுந்துவிட்டதா என்று பார்க்கக் கட்டடங்களை எண்ண வேண்டாம். வெளியார் எல்லோரும் போன பிறகு, ஒரு கிராமத்தில் பத்துப் பேர் கூடி, தங்கள் பணத்தைத் தாங்களே கணக்குப் பார்த்து, தங்களுக்கு வேண்டாததை வேண்டாம் என்றும் வேண்டியதை வேண்டும் என்றும் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த ஊர் மீண்டுவிட்டது. வன்னியில் அப்படிச் சில ஊர்கள் இருக்கின்றன. எல்லா ஊர்களையும் அந்த இடத்துக்குக் கொண்டுவரும் வேலைக்குத் தோள் கொடுக்கத் தயாரானவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களை நம்பிப் பொறுப்பையும் பணத்தையும் கையளிக்க வேண்டியது மட்டுமே பாக்கி.